பைப்புக்குள் அடைபட்ட சூடு

மே 5, திருத்துறைப்பூண்டி

2018 கஜா புயலில் சாய்ந்த மின்கம்பங்களைப் பார்த்த யாரும் கேபிளைப் பூமிக்கடியில் போட வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். தெரு முழுக்கப் பைப்பு பதித்து உள்ளே கேபிளை இழுத்துவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். பின்னால் பழுது பார்க்கச் சுலபம்தான். ஆனால் கேபிளில் எவ்வளவு மின்சாரம் ஓடலாம் என்று அவர் நீட்டும் ஆம்பியர் அட்டவணை, நேரடியாக மண்ணில் புதைத்த கேபிளுக்கு உரியது.

மே 7

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 11 கிலோவோல்ட், 300 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள். 340 ஆம்பியர் ஓடினால் உள்ளே இருக்கும் மூன்று கோரும், அதாவது மூன்று அலுமினியக் கம்பிகளும், சேர்ந்து மீட்டருக்குச் சுமார் 45 வாட் சூட்டைக் கக்கும். 90 சென்டிமீட்டர் ஆழத்தில், மண்ணின் வெப்பத்தடை எண் (கூடினால் சூடு வெளியேறுவது கடினம்) 1.5 என்றால், மண்ணால் மட்டும் 41 டிகிரி ஏறும். மண் காய்ந்து எண் 2.5 ஆனால் 68. நிலத்தின் 30 டிகிரியைக் கூட்டினால் மேலுறையே 98. கம்பியைச் சுற்றியுள்ள எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் காப்பு தொடர்ந்து தாங்குவது 90 டிகிரிதான். உள்ளே இருக்கும் கம்பியின் கதியைக் கேட்கவே வேண்டாம்.

பைப்பு வந்தால் நடுவில் காற்றும் வந்துவிடும். அசையாத காற்றின் வெப்பத்தடை தண்ணீரைவிட 20 மடங்குக்கும் மேல். பைப்புக்குள் காற்று கொஞ்சம் சுழலும், கதிர்வீச்சும் உண்டு. அப்படியும் அந்தக் காற்றால் கேபிளின் சூடு இன்னும் 16, 17 டிகிரி ஏறிவிடுகிறது.

மே 8

சோதனைக் குழி வெட்டினோம். மேல்மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்பில் கடப்பாரை நுனி தடையில்லாமல் இறங்கியது. அந்த வெடிப்பிலும் காற்றுதான்.

"ஐப்பசியில் வந்து பாருங்கள் சார், இங்கே தண்ணீர் இறைத்து மாளாது" என்றார் லைன்மேன் அண்ணன். நிஜம்தான். பைப்பில் தண்ணீர் நின்றால் கேபிளுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஏசியும் போர்வெல் மோட்டாரும் சேர்ந்து லோடு ஏறுவது ஐப்பசியிலா? மண் வறண்டு கிடக்கும் சித்திரை, வைகாசியில்தானே!

மே 13

சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும் பைப்பு என்று முடிவாயிற்று. பத்து மீட்டர் பைப்பானாலும் முழுக் கேபிளின் ஆம்பியரை அதுவே தீர்மானிக்கும். அதனால் உள்ளே பென்டோனைட் என்ற களிமண் குழம்பை நிரப்பி, ஈரம் போகாமல் இரு முனையும் அடைக்க வேண்டும். மற்ற இடங்களில் கேபிளைச் சுற்றி 14 பங்கு மணலுக்கு 1 பங்கு சிமெண்ட். அது காய்ந்தாலும் எண் 1.2 அளவில் நிற்கும்.

"மணல் விற்கிற விலையில் இதெல்லாம் நடக்குமா?" என்று ஒப்பந்தக்காரர் கொதித்தார். காவிரிப் படுகையில் உட்கார்ந்துகொண்டு எம்-சாண்ட் தேடுகிறோம். பருமனும் பொடியும் கலந்து நெருக்கமாகப் படிந்தால் அதுவே போதும். மாதிரியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். உலர வைத்து அளக்கச் சொல்லி.