யாருக்கு எது கேட்க வேண்டும்: ஒலிப்பதிவு நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

யாழ்ப்பாணத்து ஐயா சனிக்கிழமை நேரம் கொடுத்துவிட்டார். பழைய இசைத்தட்டு நாகசுரங்களை நான் இங்கே ஓடவிட, அவர் அங்கே வீடியோ காலில் கேட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தச் சொல்லிப் பேசுவதாக ஏற்பாடு. என் குரல், அவர் குரல், நாகசுரம் மூன்றும் தனித்தனி டிராக்கில் விழவேண்டும். ஒன்றாகக் கலந்துவிட்டால் அப்புறம் எடிட்டிங்கில் சுத்தமாகப் பிரிக்க முடியாது.

ஸ்பீக்கரில் போட்டு மைக்கை முன்னால் நீட்டுகிற வேலை வேண்டாம். ஆப்களுக்கு இடையே ஒலியைக் கடத்த லினக்ஸில் பைப்வயர் இருக்கிறதே. விம் டைமன்ஸ் என்ற நிரலர் வீடியோவுக்காகத் தொடங்கியது. பிறகு ஆடியோவையும் ஏற்றுக்கொண்டு, 2021இல் வந்த ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் பதிப்பில், அதுவரை இருந்த ஒலி மென்பொருள் பல்ஸ்ஆடியோவின் இடத்தையே பிடித்துக்கொண்டது. பல்ஸுக்கு எழுதிய பிரவுசரையும் இசைப்பதிவுக்காரர்களின் ஒலி மென்பொருளான ஜாக்குக்கு எழுதிய ஆர்டர் (Ardour) என்ற ஒலிப்பதிவு மென்பொருளையும் ஒன்றோடொன்று இணைக்க முன்பெல்லாம் படாதபாடு படவேண்டும். இப்போது இரண்டும் ஒரே வரைபடத்தில் வந்து நிற்கின்றன.

மார்ச் 5, புதன்

முதலில் ஒரு நல் சிங்க் (null sink), அதாவது போலி ஸ்பீக்கர். ‘தட்டு’ என்று பெயர் வைத்தேன். ஸ்பீக்கர் பட்டியலில் ஸ்பீக்கர் மாதிரியே தெரியும். பின்னால் ஒன்றும் கிடையாது. அதில் விழுகிற ஒலியை அதன் ‘மானிட்டர்’ வழியாக வேறெந்த ஆப்பும் எடுத்துக்கொள்ளலாம். மெய்நிகர் ஆடியோ டிவைஸ் என்பதே இவ்வளவுதான்: நினைவகத்தில் கொஞ்சம் இடம், ஒரு ஆப் எழுதும், இன்னொன்று படிக்கும்.

எந்த ஆப்பின் ஒலி எங்கே போகவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பேவுகண்ட்ரோலில் பிளேயரைத் தட்டுக்குத் திருப்பியதும் ஹெட்ஃபோன் கப்சிப். எதிர்பார்த்ததுதான். இணைப்புகளை வரைபடமாகக் காட்டும் கியூபிடபிள்யூகிராஃபைத் திறந்து, தட்டின் மானிட்டரிலிருந்து ஹெட்ஃபோனுக்கு இரண்டு கம்பி இழுத்துவிட்டேன், இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று.

பிரவுசர் முரண்டு பிடித்தது. மானிட்டர்களை அது மைக் பட்டியலில் காட்டுவதே இல்லை. அதற்காக மைக் வேடம் போட்ட இன்னொரு மெய்நிகர் டிவைஸ், பெயர் ‘கலவை’. என் மைக்கும் தட்டும் அதற்குள் போகும், வீடியோ காலுக்கு மைக் அதுதான்.

ராத்திரி நண்பன் போன். அவன் விண்டோஸில் இதே வேலைக்கு விபி-கேபிள் என்ற மெய்நிகர் டிவைஸ் போட்டிருக்கிறான். “ஸ்பீக்கர் லிஸ்ட்ல போய் ஏன்டா ‘கேபிள் இன்புட்’னு இருக்கு?” கேபிளின் பக்கம் நின்று வைத்த பெயர் அது, நாம் அனுப்புவது அதற்கு உள்ளே போகிறது. மறுமுனை ‘கேபிள் அவுட்புட்’ மைக் பட்டியலில் இருக்கும். மேக்காரர்களுக்கு இதே வேலைக்கு பிளாக்ஹோல் உண்டு. கூடவே காதிலும் கேட்க, ஒரே ஒலியை இரண்டு இடத்துக்கு அனுப்பும் மல்ட்டி-அவுட்புட் டிவைஸ் அமைத்தால், கீபோர்டின் வால்யூம் பொத்தான் வேலை செய்யாது. எல்லா ஊரிலும் ஏதோ ஒரு குடைச்சல்.

மார்ச் 7, வெள்ளி

இன்று கம்ப்யூட்டரைத் தொடவில்லை, தாளில்தான் வேலை. ஐயாவுக்கு என் குரலும் நாகசுரமும் கேட்கவேண்டும், அவர் குரல் கேட்கக்கூடாது. எனக்கு அவர் குரலும் நாகசுரமும். ஆர்டருக்கு எல்லாமே, ஆனால் தனித்தனியாக.

ஹெட்ஃபோனின் மானிட்டரையே மைக்காகக் கொடுத்துவிடு என்று சுலப வழி சொல்கிறவர்கள் உண்டு. என் ஹெட்ஃபோனில் அவர் குரலும்தானே ஓடுகிறது? பேசிய சொல் அரைநொடி தள்ளி அவர் காதிலேயே போய் விழும். அப்படி விழுந்தால் எப்பேர்ப்பட்ட பேச்சாளரும் திக்குவார். ஒருவருக்கு அவர் குரலை மட்டும் கழித்துவிட்டு மற்றதெல்லாம் அனுப்புவதை ரேடியோக்காரர்கள் மிக்ஸ்-மைனஸ் என்பார்கள். ‘கலவை’ செய்வது அதைத்தான். காலின் ஒலி ஹெட்ஃபோனுக்கும் ஆர்டருக்கும் போகும், கலவைப் பக்கம் எட்டிப் பார்க்காது.

மார்ச் 8, சனி

ஆலாபனை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஐயா, “தம்பி, கார்வை நிக்கேல்லையே, அறுந்து அறுந்து வருது” என்றார்.

கார்வை என்றால் ஒரு சுரத்தை அசையாமல் நீட்டி நிறுத்துவது. கம்பிகளில் கோளாறில்லை. ஆர்டரில் நாகசுரம் சுத்தமாக விழுந்துகொண்டிருந்தது. கால் மென்பொருளின் இரைச்சல் நீக்கிதான் காரணம். பேச்சு விட்டு விட்டு வரும். அசையாமல் ஒரே சுருதியில் நீள்வது ஃபேன் சத்தம் என்பது அதன் கணக்கு. நல்ல நாகசுரக்காரர் எவ்வளவுக்கெவ்வளவு நிலையாக நிறுத்துகிறாரோ, அவ்வளவுக்கு அது வெட்டும்! இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம், தானியங்கி ஒலியளவு மூன்றையும் அணைத்தேன். மூன்றாவது இருந்தால் வாசிப்பு ஓயும் இடத்தில் இசைத்தட்டின் கரகரப்பைத் தூக்கிக் காட்டும்.

எதிரொலி நீக்கத்தை அணைத்தால் ஸ்பீக்கரில் கேட்கக்கூடாது, அந்த ஒலி மைக்கில் ஏறிவிடும். ஐயா புளூடூத் ஹெட்செட்டை மாட்டினார். மைக்கும் சேர்ந்து ஓடினால் அது ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு மாறி, டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். “பழைய வயர் இயர்ஃபோன் ஏதும் இருக்கா ஐயா?” பேரப்பிள்ளை தேடிக் கொண்டுவந்து கொடுத்தான்.

பிறகு ஒரு குறையுமில்லை. “இதில நிப்பாட்டுங்கோ. தவில்காரர் இப்ப கையை ஒதுக்கினார், கேட்டனீங்களோ?” நான் கேட்கவில்லை. திரும்பப் போட்டபோது கேட்டது.

மார்ச் 9, ஞாயிறு

பைப்வயரின் வழக்கமான பஃபர், அதாவது ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டு, 1024 சாம்பிள். 48,000 ஹெர்ட்ஸில் அது 21 மில்லிநொடி. பேச்சுக்கு அதுவே தாராளம். 256 ஆகக் குறைத்தால் 5 மில்லிநொடி சொச்சம். அந்த அளவில் இந்தப் பழைய லேப்டாப் திணறி, பைப்வயரின் நிலவரம் காட்டும் பிடபிள்யூ-டாப்பில் பிழைக் கணக்கு ஏறுகிறது. யாரும் கூடச் சேர்ந்து வாசிக்கப் போவதில்லை, 1024 இருக்கட்டும்.

நெட்வொர்க் தாமதம் இதைவிடப் பெரிது. ஐயாவின் “ஆகா” அவர் ரசித்த பிடிக்குப் பின்னால், அடுத்த பிடியின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தனி டிராக் என்பதால் அதை மட்டும் முன்னால் இழுத்து உரிய இடத்தில் வைத்தேன்.

கட்டளையில் உருவாக்கிய டிவைஸ்கள் ரீஸ்டார்ட் செய்தால் காணாமல் போகும். தட்டையும் கலவையையும் பைப்வயரின் கான்ஃபிக் கோப்பில் எழுதிவிட்டேன். கம்பி இணைப்புகளை கியூபிடபிள்யூகிராஃபில் பேட்ச்பேயாக, அதாவது இணைப்புப் பட்டியலாக, சேமித்தாயிற்று. அடுத்த சனி தவில் தனியாவர்த்தனம் வேண்டுமாம் ஐயாவுக்கு.