பாதியில் நின்ற வாக்கியம்

நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை ஆட்குறைப்பில் வேலை போனது. இரண்டாவது முறை, ஒரு மென்பொருள் பிழைக்கான காரணத்தைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே கணினித் திரை பூட்டிக்கொண்டது. போன சம்பளத்தைவிட அந்தப் பாதி வாக்கியம்தான் என்னை அதிக நாள் தூங்கவிடவில்லை.

புதிய வேலையில் சேர்ந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. முதல் இரண்டு மாதம் ஒட்டாமலே இருந்தேன். மேசையில் ஒரு குவளைகூட வைக்கவில்லை. சொன்னதைச் செய்தேன், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன். ஆனால் நாள் முழுவதும் ஒரே களைப்பு.

1930களின் தொடக்கத்தில், ஆஸ்திரியாவின் மரியன்தால் என்ற சிற்றூரில் ஆலை மூடப்பட்ட பின் சமூக உளவியலாளர் மரி யஹோடாவும் அவருடைய சகாக்களும் அங்கே ஆய்வு செய்தார்கள். வேலையிழந்தவர்களுக்கு நேரம் நிறைய இருந்தும், நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. தெருவில் ஆண்களின் நடையே தளர்ந்திருந்தது. படித்தபோது நெஞ்சை அடைத்தது. வேலையில் இருந்துகொண்டே நானும் அப்படித்தானே நடந்துகொண்டிருந்தேன்!

சென்ற வாரம், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் மூன்று நாட்களாகப் பிடிபடாத ஒரு பிழையோடு வந்தார். இருவரும் வரிவரியாகப் பார்த்தோம். நேர மண்டலம் மாறும்போது ஒரு தேதி மட்டும் ஒரு நாள் பின்னே போய்க்கொண்டிருந்தது. கண்டுபிடித்த நொடியில் அவர் முகத்தில் வந்த வெளிச்சம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கும் பழைய துள்ளல் திரும்பியது.

காரணத்தைக் கடைசி வாக்கியம்வரை எழுதி வைத்துவிட்டுத்தான் அன்று வீட்டுக்குக் கிளம்பினேன்.