ஸ்பீக்கர் கேபிள்: வெறும் கம்பியா, பிளக்கா?

ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபையரையும் கேபிளால் இணைக்க உட்காரும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். கேபிளின் முனையைச் சீவி, உள்ளிருக்கும் செம்பு இழைகளை அப்படியே டெர்மினலில் (கருவியில் கேபிளை மாட்டும் இடம்) இறுக்கிவிடலாமா, அல்லது பனானா பிளக் (துளைக்குள் செருகும் உலோகத் தண்டு), ஸ்பேடு (கவை வடிவத் தகடு), பின் (மெல்லிய ஊசி) என்று ஏதாவதொன்றைப் பொருத்தித்தான் மாட்ட வேண்டுமா? இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு உடனே ஒலியின் தரத்துக்குத் தாவிவிடுகிறது. ஒரு சாரார் இடையில் எதுவும் இல்லாத வெறும் கம்பியே தூய்மையானது என்பார்கள். மறுசாரார் தங்கமுலாம் பூசிய பிளக் இல்லாமல் நல்ல ஒலி கிடையாது என்பார்கள். ஒழுங்காகச் செய்த இரண்டு இணைப்புகளுக்கு இடையே காதுக்கு எட்டும் வேறுபாடு எதுவும் இல்லை என்பதே என் உறுதியான கருத்து. அந்த இணைப்பை எவ்வளவு அடிக்கடி கழற்றி மாட்டப் போகிறோம், டெர்மினல் எந்த வகை, பிழை நேர்ந்தால் என்ன கெடும் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செம்புக் கேபிள் 5 மீட்டர் நீளம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் ஒரு கம்பியில் போய் மற்றொன்றில் திரும்ப வேண்டும் என்பதால், கணக்குக்கு உரிய செம்பின் நீளம் 10 மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 0.12 ஓம். அதே தொலைவுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் போட்டால் 0.07 ஓம் அளவுக்கு இறங்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் 0.12 ஓம் என்பது 0.13 டெசிபெல் இழப்பு மட்டுமே. இனி இணைப்பின் தடையை எடுத்துக்கொண்டால், சுத்தமான உலோகத்தின் மீது சுத்தமான உலோகம் நன்றாக அழுந்தியிருக்கும்போது அது ஓரிரு மில்லிஓமைத் தாண்டுவதில்லை. ஒரு மில்லிஓம் என்பது மேற்சொன்ன மெல்லிய கேபிளில் நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சமம். ஆம்ப்ளிஃபையரை அலமாரியில் ஒரு கை அகலம் நகர்த்தி வைத்து, அதற்கேற்பக் கேபிளை வெட்டினாலே அதைவிடப் பெரிய மாற்றம் ஏற்பட்டுவிடும். ஸ்பீக்கருக்கு உள்ளேயே, 8 ஓம் என்று அச்சிடப்பட்ட ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலின் (ஒலித்தகட்டை அசைக்கும் கம்பிச்சுருள்) கம்பி மட்டும் 6 ஓம் அளவுக்குத் தடை கொண்டிருக்கிறது என்பதையும் நினைவில் வைத்தால், நல்ல பிளக்குக்கும் நல்ல வெறும் முனைக்கும் இடையிலான வேறுபாட்டைப் பற்றி விவாதிக்கவே இடமில்லை. சாதாரண மல்டிமீட்டரால் இதை அளக்கவும் முடியாது. அதன் அளவுக் கம்பிகளின் தடையே இதைப் பல மடங்கு மிஞ்சிவிடும்.

ஆகவே கேள்வி, எந்த முனையை நல்ல முனையாகச் செய்வதும் வைத்திருப்பதும் எளிது என்பதாகச் சுருங்குகிறது. இங்கேதான் கைவேலை முக்கியமாகிறது.

வெறும் முனையை எடுத்துக்கொள்வோம். காப்புறையை 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை மட்டும் உரிக்க வேண்டும். கத்தியால் சுற்றி வெட்டினால் வெளிப்புற இழைகளில் சில அறுந்துபோகும். உரித்த துண்டுக்குள் செம்பு முடிகள் ஒட்டியிருந்தால் அதுதான் அடையாளம். கம்பி உரிப்பதற்கென்றே உள்ள கருவியில் சரியான துளையைத் தேர்ந்தெடுத்து இழுத்தால் ஓர் இழைகூட அறுவதில்லை. பிறகு இழைகளை அவற்றின் இயல்பான முறுக்கின் திசையிலேயே இறுக்கமாக முறுக்கி, பைண்டிங் போஸ்ட்டின் (திருகி அழுத்தும் வகை டெர்மினல்) தண்டிலுள்ள பக்கவாட்டுத் துளையில் நுழைத்துத் திருகை முடுக்க வேண்டும். துளை இல்லாமல் தண்டைச் சுற்றி வளைத்து மாட்டுவதாக இருந்தால், திருகு சுழலும் திசையிலேயே, அதாவது வலஞ்சுழியாக வளைக்க வேண்டும். எதிர்த்திசையில் வளைத்தால் முடுக்க முடுக்கக் கம்பி வெளியே தள்ளப்படும். காப்புறையைத் திருகின் அடியில் சிக்கவிடக் கூடாது, வெறும் செம்பும் வெளியே நீண்டு தெரியக் கூடாது. ஒரு நாள் கழித்து மீண்டும் ஒரு முறை முடுக்கிப் பார்த்தால் திருகு சிறிது நகர்வதைக் காணலாம். மென்மையான செம்பு இழைகள் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இடம் விடுவதே காரணம்.

இவ்வாறு செய்த இணைப்பு, எத்தனை விலையுயர்ந்த பிளக்குக்கும் குறைந்ததன்று. அதன் பெரும் பலவீனம் ஒற்றை இழை. முறுக்கிலிருந்து விலகிய முடி போன்ற ஓர் இழை, பக்கத்திலுள்ள எதிர் டெர்மினலைத் தொட்டுவிட்டால் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும். நல்ல ஆம்ப்ளிஃபையர்கள் உடனே தம்மை அணைத்துக்கொண்டு தப்பிக்கும். பாதுகாப்புச் சுற்று இல்லாத பழைய ஆம்ப்ளிஃபையர்களில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களே போய்விடக்கூடும். இன்றைய டி வகுப்பு ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் கறுப்பு டெர்மினலும் மின்னழுத்தம் கொண்டதுதான். அது சட்டகத்தின் உலோகத்தைத் தொட்டாலும் கேடு. ஏழெட்டு ஸ்பீக்கர்களுக்கான டெர்மினல்கள் நெருக்கமாக வரிசைகட்டி நிற்கும் ரிசீவரின் பின்புறத்தில், அலமாரிக்குள் கையை விட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் தடவித் தடவி வெறும் கம்பிகளை நுழைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பிளக்கின் உண்மையான பெருமை அங்கேதான் இருக்கிறது. வேலையின் நுணுக்கமான பகுதியை வெளிச்சத்தில், மேசைமீது, நிதானமாக ஒரே முறை செய்து முடித்துவிடலாம். இருட்டில் செய்ய வேண்டியது பிளக்கைச் செருகுவது மட்டுமே.

ஆனால் பிளக் வெறும் கம்பியை ஒழித்துவிடுவதில்லை. அதைத் தன் வயிற்றுக்குள் மறைத்துக்கொள்கிறது. கடைகளில் அதிகம் கிடைக்கும் திருகு வகைப் பனானா பிளக்கைத் திறந்து பார்த்தால், நாம் சீவிய அதே இழைகளைச் சிறு திருகு ஒன்று அழுத்திக்கொண்டிருப்பதைக் காணலாம். ஒரு இணைப்பு இருந்த இடத்தில் இப்போது கம்பிக்கும் பிளக்குக்கும் இடையே ஒன்று, பிளக்குக்கும் போஸ்ட்டுக்கும் இடையே ஒன்று என இரண்டு இருக்கின்றன. அந்தச் சிறு திருகின் முனை கூர்மையாக இருந்தால் இழைகளைக் கிழிக்கும். தளர்ந்தால், வெளியிலிருந்து பார்க்கும்போது எல்லாம் பளபளப்பாகத் தெரிந்தாலும் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் விட்டுவிட்டு ஒலிக்கும் அல்லது கரகரக்கும். வெறும் கம்பியில் பிழை கண்ணுக்குத் தெரியும், பிளக்கில் தெரியாது என்பதைப் பிளக் விரும்பிகள் போதிய அளவு கருத்தில் கொள்வதில்லை. இதனாலேயே, கருவி கைவசம் உள்ளவர்கள் நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் வகையையோ பற்றவைக்கும் சால்டர் வகையையோ தேர்ந்தெடுப்பது நல்லது. திருகு வகைதான் கிடைத்தது என்றால், இரண்டு திருகுகள் கொண்டதை எடுத்து, மூடியை மாட்டுவதற்கு முன் கேபிளைச் சற்று வலுவாக இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.

போஸ்ட்டின் பக்கத்தில், பனானா பிளக்கைப் பிடித்து நிறுத்துவது அதன் உடலிலுள்ள வில் போன்ற தகடுகளின் விசை மட்டுமே. பலமுறை செருகிக் கழற்றிய மலிவான பிளக்குகளில் அந்த விசை சோர்ந்துபோகும். செருகும்போது கைக்கு எதிர்ப்பே தெரியவில்லை என்றால் அந்தப் பிளக்கை மாற்றிவிட வேண்டும். தங்கமுலாமைப் பற்றி ஒரு சொல்: தங்கம் செம்பைவிடக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும், அதன் பயன் கறுத்துப்போகாமல் இருப்பது ஒன்றுதான். அடியில் இருப்பது பெரும்பாலும் பித்தளை. அதற்காக மிகை விலை கொடுப்பதைவிட அந்தப் பணத்தைத் தடித்த கேபிளில் போடுவது மேல்.

செம்பு கறுப்பது உண்மையான பிரச்சினைதான். காற்றுபடும் செம்பின் மேல் ஆக்சைடு படலம் உருவாகும். ஈரமும் உப்பும் கலந்த காற்றில் அது பச்சையாகவும் மாறும். ஆனால் நன்றாக இறுக்கிய இணைப்பில், உலோகத்தோடு உலோகம் அழுந்திய புள்ளிகளுக்குள் காற்றே புகுவதில்லை. வெளியே கறுத்தாலும் உள்ளே பளபளப்பாகவே இருக்கும். தளர்ந்த இணைப்புத்தான் கெடுகிறது. கெட்டுவிட்டாலும் வெறும் கம்பிக்கு மருந்து எளிது: கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவலாம். அதற்காகவே ஒவ்வொரு முனையிலும் ஒரு சாண் கேபிள் கூடுதலாக விட்டுவைக்க வேண்டும்.

இழைகள் பிரியாமலிருக்க முனையில் சால்டர் பூசிக் கெட்டியாக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. திருகால் இறுக்கும் டெர்மினல்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சால்டர் மென்மையான உலோகம். தொடர்ந்த அழுத்தத்தில் அது மெல்ல மெல்ல நகர்ந்து இடம் கொடுக்கும், இறுக்கிய திருகு தானாகத் தளர்ந்துவிடும். சால்டர் முடியும் இடத்தில் கம்பி விறைப்பாகி, அசைவுகளால் அங்கேயே ஒடியவும் செய்யும். இதே நோக்கத்துக்கு ஃபெரூல் எனப்படும் சிறு உலோகக் குழல் சிறந்த வழி. இழைகளை அதற்குள் நுழைத்து உரிய கருவியால் நசுக்கினால் முனை ஒரே தண்டாகிவிடும். திருகும் தளராது, இழையும் தப்பாது. சிறு ஸ்பீக்கர்களிலும் பழைய ஆம்ப்ளிஃபையர்களிலும் உள்ள, வில்விசையால் கம்பியைக் கவ்வும் ஸ்பிரிங் கிளிப்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. அவற்றில் பனானா பிளக் பெரும்பாலும் நுழையாது, தடித்த வெறும் கம்பியோ நுழையும்போதே பிரிந்து நிற்கும்.

பைண்டிங் போஸ்ட்டின் நடுத்துளை 4 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. ஐரோப்பியச் சந்தைக்கான கருவிகளில் அந்தத் துளையைச் சிவப்பு, கறுப்பு நெகிழி அடைப்பான்கள் மூடியிருக்கும். அங்குள்ள மின்சாரப் பிளக்குகளின் ஊசிகளும் பனானா பிளக்கும் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால், ஒன்றை மற்றொன்றில் யாரும் செருகிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அடைப்பானை நெம்பி எடுத்துத்தான் பனானா பிளக்கை மாட்ட முடியும். குழந்தைகள் இருக்கும் வீடுகளில் இந்த எச்சரிக்கையை மறக்கக் கூடாது; ஸ்பீக்கர் கேபிளின் முனையில் பனானா பிளக் தொங்கிக்கொண்டிருந்தால், 4 மில்லிமீட்டர் துளையுள்ள எந்தச் சாக்கெட்டும் அதற்கு வழிவிடும்.

தொங்கும் பிளக்கால் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஆம்ப்ளிஃபையர் இயங்கும்போது ஸ்பீக்கர் பக்கத்துப் பிளக்குகளைக் கழற்றித் தரையில் போட்டால், மறைப்பில்லாத இரண்டு உலோக முனைகள் ஒன்றையொன்று தொடக் காத்திருக்கின்றன. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, எப்போதும் அதன் பக்கத்தை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்து நான் கடைப்பிடிக்கும் முறை, இரு முனைகளையும் ஒரே மாதிரி நடத்தாதது. ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் பிளக். ஏனென்றால் தூசி துடைக்கவும், வேறு கருவியை மாற்றிப் பார்க்கவும் கை அடிக்கடி செல்வது அங்கேதான், டெர்மினல்கள் நெருங்கியிருப்பதும் அங்கேதான். ஸ்பீக்கர் பக்கத்தில் வெறும் கம்பி. அங்கே இரண்டே டெர்மினல்கள், கண்ணுக்கு எட்டும் இடைவெளி, ஆண்டுக்கணக்கில் யாரும் தொடுவதில்லை, பின்புறச் சுவருக்கு மிக அருகில் வைத்தாலும் நீட்டிக்கொண்டு நிற்க எதுவுமில்லை. செம்புக்குப் பதிலாகச் செம்பு பூசிய அலுமினியக் கேபிளை வாங்கிவிட்டவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. அதன் இழைகள் எளிதில் ஒடியும், அழுத்தத்தில் செம்பைவிட அதிகமாக இடம் கொடுக்கும், தடையும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இழை ஒன்றைக் கத்தி முனையால் சுரண்டிப் பார்த்து, உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால், முனையைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டுக் கேபிளையே மாற்ற வேண்டும்.