‘ஸ்லோலி’யை வைத்து ஓட்டிய காலம்

ஆங்கிலம் பேசும் இந்த ஊருக்கு வந்த புதிதில் என் கையில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: ‘ஸ்லோலி’. வேலை பழகிவிட்டதா? ஸ்லோலி. குளிர் ஒத்துக்கொள்கிறதா? ஸ்லோலி. ‘மெல்ல’ என்று தமிழில் தோன்றுவதையெல்லாம் அதற்குள் போட்டுத் திணித்துவிடுவேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, முழங்கால் வலிக்கும் வரை.

மருத்துவர் கேட்டார்: “வலி திடீரென்று வந்ததா, எப்படி வந்தது?” நான் “ஸ்லோலி” என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “மெதுவாக நடக்கும்போது மட்டும் வலிக்கிறதா?” என்றார். இல்லை இல்லை என்று, கையைப் படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு படியாக உயர்த்திக் காட்டினேன். “ஓ, கிராஜுவலி!” என்றார்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் ‘கிராதுஸ்’. அதாவது படி. நான் கையால் காட்டியதும் அதேதான்! நம்முடைய ‘படிப்படியாக’ அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது. காய்ச்சலை அளக்கும் ‘டிகிரி’யும் அதே வேரில் பிறந்ததுதான், அதனால்தான் ‘பை டிகிரீஸ்’ என்றாலும் படிப்படியாக என்றே பொருள். ‘ஸ்லோலி’ வேகத்தைச் சொல்கிறது, ‘கிராஜுவலி’ மாற்றம் ஏறும் விதத்தைச் சொல்கிறது. ரயில் மெல்லப் போகும், படிப்படியாகப் போகாது. அதன் வேகம் வேண்டுமானால் படிப்படியாகக் கூடும். தமிழில் இதில் ஒருநாளும் தவறியதில்லை, ஆங்கிலத்தில் மட்டும் ஏன் தடுமாறினேனோ.

கதை அதோடு முடியவில்லை. அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் வலியின் தொடக்கம் ‘இன்சிடியஸ்’ என்றிருந்தது. அகராதியில் பார்த்தால் வஞ்சகமாக, பதுங்கியிருந்து தாக்குவது என்றெல்லாம் போட்டிருக்கிறது. அன்றிரவு தூக்கமே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, என்றைக்கு ஆரம்பித்தது என்று நோயாளியால் நாள் குறித்துச் சொல்ல முடியாமல் சத்தமில்லாமல் வந்த எதற்கும் மருத்துவர்கள் அப்படி எழுதுவது வழக்கமாம். சாதாரணத் தேய்மானத்துக்கும் அதே சொல்தான்.

அலுவலகத்தில் என்னைக் கவிழ்த்தது ‘ஸ்லைட்லி’. என் அறிக்கையைப் பற்றி மேலாளர் ‘ஸ்லைட்லி’ கவலையாக இருப்பதாக எழுதியிருந்தார். கொஞ்சம்தானே என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். பக்கத்து இருக்கை நண்பர்தான் பதறினார்: “அவர் அப்படி எழுதினால் நிறைய என்று அர்த்தம், உடனே போய்ப் பாருங்கள்.” எண்களுக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும் இந்தச் சொல் நேர்மையாக நடந்துகொள்கிறது. 100 என்பது 98 ஆனால் ‘ஸ்லைட்லி’ குறைந்தது. 98, 96, 94 என்று விடாமல் இறங்கினால் அது ‘ஸ்டெடிலி’. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் என்றாலும், அந்த ‘விடாமல்’தான் ஆளை உட்கார வைக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘சட்லி’, அதாவது நுட்பமாக, பட்டும் படாமல். எழுத்தில் நடுவே ஒரு ‘பி’ இருக்கும், வாயில் வராது. லத்தீனைப் பார்த்து எழுத்தில் பின்னால் செருகிய ‘பி’ அது. நான் இரண்டு வருடம் அதையும் சேர்த்து அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன்; ஒருவரும் திருத்தவில்லை. மூலச் சொல்லுக்கு மெல்லிய இழையால் நெய்தது என்று பொருள் சொல்கிறார்கள். குரலில் சலிப்பு இழையோடியது என்று நாம் எழுதுவதில்லையா, அதேதான்.

‘இம்பர்செப்டிப்ளி’, அதாவது கண்ணுக்கே தெரியாமல், ஒரு வினோதமான சொல். மாறிக்கொண்டிருக்கும்போது நம்மைப் பற்றி நாமே அதைச் சொல்லிக்கொள்ள முடியாது. எல்லாம் மாறி முடிந்த பிறகு, ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். இந்தச் சொற்களே அப்படி மாறியவைதான். ‘சூன்’ என்பதற்கு ஒரு காலத்தில் ‘உடனே’ என்று பொருள். சொன்னவர்கள் எல்லோரும் தாமதித்துத் தாமதித்து அது ‘சீக்கிரம்’ ஆகிவிட்டதுபோல. நாம் ‘இதோ வந்துட்டேன்’ என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் எழுந்திருப்போமே, அந்த மாதிரி.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை எனக்குச் சொல் கிடைக்கவில்லை. போன வாரம் அம்மா போனில், “வரவர உன்கிட்டேர்ந்து போனே வர்றதில்லடா” என்றாள். அலுவலகச் சாப்பாட்டு இடைவேளை. என் முகத்தைப் பார்த்த நண்பர் என்ன என்று கேட்டார். ‘இன்கிரீசிங்லி’ என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். கூடிக்கொண்டே போகிறது என்ற கணக்கைத்தான் அது சொல்கிறது. ‘வரவர’வில் இருக்கும் மனத்தாங்கல் அதில் எங்கே? நான் பேசுவது குறைந்துவிட்டதாம் என்று மட்டும் சொன்னேன்.

“ஸ்லைட்லியா?” என்றார்.

“ஸ்டெடிலி” என்றேன்.