பேருந்து திரும்ப இடமில்லாத சாலை

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்தை அடுத்த மலையடிவார ஊர்களில் ஓவர்சீயராக நெடுங்காலம் வேலை பார்த்தேன். 2000ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளியில் குறைந்தது 500 பேரும் மலை மாநிலங்கள் போன்ற சிறப்புப் பகுதிகளில் 250 பேரும் உள்ள குடியிருப்புகளுக்கே சாலை என்பது விதி. மக்கள்தொகையை எண்ணுவதும், ஜல்லியின் கனத்தை அளந்து எம்-புக் என்னும் அளவுப் பதிவேட்டில் பதிவதுமே என் வேலையாக இருந்தது; சாலையில் யார் எங்கே போவார்கள் என்று நான் யோசித்ததில்லை.

அப்படிப் போட்ட ஒரு சாலையில் முதலில் வந்து நின்றது பெங்களூருக் கட்டட வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் மேஸ்திரியின் வேன். அடுத்த கோடையில் பராமரிப்பைப் பார்க்கப் போனபோது ஒரு தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. திண்ணையில் இருந்த பாட்டியின் முந்தானையில் நான்கு வீட்டுச் சாவிகள் முடிந்திருந்தன. "முன்னெல்லாம் மூட்டையோட ஆறு மைல் நடக்கணும் சாமி, இப்ப வாசல்லயே ஏறிக்கிறாங்க" என்றார். குறையாக அல்ல, தகவலாகத்தான் சொன்னார்.

கேழ்வரகும் நிலக்கடலையும் ஒரு போகம் விளையும் மானாவாரி ஊரில், கோடையில் வேலை தேடிப் போவது புதிதல்ல. சாலை இல்லாத காலத்திலும் குடகுத் தோட்டங்களுக்குப் போனவர்கள்தான். ஆனால் தினமும் போய்த் திரும்ப வழியிருந்திருந்தால் குடும்பத்தோடு கிளம்பியிருக்க மாட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். பேருந்து ஏன் வரவில்லை என்று பணிமனையில் விசாரித்தேன். நான் போட்ட 3.75 மீட்டர் அகலத் தார்ப்பாதை ஊர்க்கோடியில் ஒரு வேப்பமரத்தடியில் முடிகிறது. அங்கே பேருந்தைத் திருப்ப இடமில்லை, பின்னாலேயே எடுத்து வர ஓட்டுநர்கள் ஒப்பவில்லை. விதிப்படி குறையில்லாத வேலைதான். 2021 மே மாதம் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்தபோதும் அந்த ஊர்ப் பெண்களுக்கு அதனால் பயனில்லை.

பிறகு நான் தயாரித்த மதிப்பீடுகளில் சாலை முடியுமிடத்தில் பேருந்து திரும்பும் இடத்தையும் சேர்த்தேன். தேவையற்ற செலவு என்று சில முறை அதை நீக்கிவிட்டார்கள்; ஓர் ஊருக்கு மட்டும் புறம்போக்கு நிலம் கிடைத்ததால் தப்பியது. அங்கே காலை ஆறு மணிக்குப் பேருந்து வருகிறது. தையல் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் இரவு வண்டியில் வீடு திரும்புகிறார்கள். கிணறு வற்றினால் அங்கேயும் சில வீடுகள் பூட்டப்படுகின்றன.