தனியாக இருப்பவர் வீடு கடைசியில்

மாதா திருநாள் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பெங்களூரு சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்துக்குப் போவதுதான் எனக்குப் பிடிக்கும். செப்டம்பர் 8 அன்று காவி உடுத்திய பக்தர்களுக்கு நடுவே மாதாவை எட்டிப் பார்ப்பதற்குள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். செப்டம்பர் 27 அன்று அந்த நெரிசல் இல்லை. ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகைச் சரத்தோடு, சேலை உடுத்திய அன்னையின் முன் அவசரமில்லாமல் நின்று செபிக்க முடிந்தது.

அன்று ஏழைகளுக்காக உழைத்த பிரெஞ்சுக் குரு, புனித வின்சென்ட் தே பவுலின் திருநாள்; 1660-இல் அவர் பாரிஸில் இறந்த நாள். எனக்கு அவரிடம் தனிப் பற்று உண்டு. பிறவிப் புனிதரல்லர், முன்கோபி. படிக்கிற காலத்தில், கிழிந்த உடையோடு காலை இழுத்து இழுத்து நடந்து தம்மைப் பார்க்க வந்த விவசாயித் தகப்பனுக்கு முகம் காட்ட வெட்கப்பட்டவர். அதை முதுமையில் தாமே சொல்லி வருந்தினார். மனிதர் திருந்தினார் என்பதைவிட, மறைக்காமல் சொன்னார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபை அக்காவோடு வீட்டுச் சந்திப்புக்குக் கிளம்பினேன். இந்தச் சபை புனித வின்சென்ட் தொடங்கியதன்று. 1833-இல் பிரடெரிக் ஓசானாம் என்ற மாணவர் நண்பர்களோடு பாரிஸில் தொடங்கி, புனிதரின் பெயரைச் சூட்டியது. அக்காவிடம் ஓரம் மடங்கிய நோட்டு ஒன்று. யாருக்கு அரிசி, யாருக்கு மாத்திரை, இந்த வாரம் யாருடைய முறை என்பதெல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது.

1617-இல் ஷாத்தியோன் என்ற பிரெஞ்சு ஊரில் வின்சென்ட் பங்குக் குருவாக இருந்தார். ஒரு ஞாயிறு, வீட்டில் எல்லோரும் நோயில் விழுந்துகிடந்த ஒரு குடும்பத்தைப் பற்றிப் பிரசங்கத்தில் சொன்னார். மாலையில் ஊரே சோறும் கறியுமாகத் திரண்டுவிட்டது. இன்று குவிவது நாளை கெட்டுப்போகும், பிறகு பட்டினிதானே என்று யோசித்தார். ஊர்ப் பெண்களைச் சேர்த்து, முறை வைத்து உணவு கொண்டுபோகும் அமைப்பை உண்டாக்கினார். அதற்கு அவர் எழுதிய விதிமுறையைப் படித்தால் சமையலறை தெரிந்தவர் எழுதியது போலிருக்கும்: சிரித்த முகத்தோடு வணங்கு; படுக்கைமேல் துணி விரி; கிண்ணத்தையும் கரண்டியையும் வை; நோயாளியின் கையைக் கழுவிவிடு; பிறகு செபம் சொல்.

நாங்கள் புறப்பட்ட சந்தில் முதல் வீடே பட்டியலில் இருந்த ஒரு பாட்டியின் வீடு. அக்கா அதைக் கடந்து போய்விட்டார். மகன், மருமகளோடு இருக்கும் பெரியவர், அப்புறம் பக்கவாதம் வந்த ஆட்டோ ஓட்டுநர் என்று சுற்றிவிட்டு வெயிலில் திரும்பி வந்தோம்.

"பக்கத்து வீட்டை முதலிலேயே முடித்திருக்கலாமே அக்கா?"

"அந்தப் பாட்டிக்கு ஆள் இல்லை தம்பி. உட்கார்ந்தால் எழுந்திருக்க விடமாட்டார். பிறகு மற்றவர்களுக்கு எப்போது போவது?"

ஷாத்தியோன் விதிமுறையிலும் இதே வரிசைதான்: துணைக்கு ஆள் உள்ளவரிடம் தொடங்கு, தனியாக இருப்பவரிடம் முடி, அப்போதுதான் அவரோடு கூடுதல் நேரம் இருக்கலாம். அக்கா அதைப் படித்தவர் அல்லர்.

பாட்டி அரிசிப் பையைத் திறந்து முகர்ந்தார். "போன மாதமும் இதே பச்சரிசி! பொன்னி கேட்டேனே?" அக்கா பென்சிலை எடுத்து நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்து ரேஷன் கார்டு, மூட்டு வலி, ஆம்பூரில் இருக்கும் தங்கை மகன் என்று பேச்சு நீண்டது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நாங்கள் அங்கேதான் இருந்தோம்.