விளக்கு இருந்த இடம்

"அக்கா, இந்தச் சாமித் தட்டை மட்டும் ஒருக்கா எடுத்து வையுங்கோ. வீடு இன்னும் வெளிச்சமாத் தெரியும்."

வீடு விற்றுத்தரும் ஏஜென்ட் இதைச் சொன்னபோது அவர் கையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. முன்வாசலில் தொடங்கி ஒவ்வோர் அறையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தவர், சமையலறை மூலைக்கு வந்ததும் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டேன். அவர் கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது. சுவரில் அடித்த அந்தத் தட்டுதான் காலையும் மாலையும் விளக்கு எரிகிற இடம். அதை எடுத்தால்தான் வீடு வெளிச்சமாகத் தெரியும் என்றால் நான் என்ன சொல்வது?

கனடாவில், இந்த ஸ்கார்பரோவில் எங்களுக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. 2003இல் வேலூரிலிருந்து வந்தோம். 2006இல் இந்த வீடு. மகள் வேலை கிடைத்து வான்கூவர் போய்விட்டாள். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, எனக்குப் பனி அள்ளத் தெம்பில்லை. மூன்று படுக்கையறையும் பேஸ்மென்ட்டும் இரண்டு பேருக்கு எதற்கு, அடுக்குமாடியில் சின்னதாக ஒரு கான்டோ போதும் என்று முடிவு செய்தோம். கடல் தாண்டி வந்தவளுக்கு நாலு தெரு தள்ளிப் போவது ஒரு விஷயமே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இங்கே வீட்டை விற்பதற்கு முன் அதைப் பெண் பார்க்க வருகிற நாள் மாதிரி தயார் செய்ய வேண்டும். ஸ்டேஜிங் என்கிறார்கள். சுவரில் குடும்பப் படம் கூடாது. ஃப்ரிட்ஜ் கதவில் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. துணி அலமாரி பாதி காலியாக இருந்தால்தான் இடம் தாராளமாகத் தெரியும். மங்கிய பல்பை எல்லாம் மாற்ற வேண்டும். கதவுப் பிடியில் லாக்பாக்ஸ் என்று ஒரு குட்டிப் பெட்டி தொங்கும், சாவி அதற்குள் இருக்கும். வாங்க வருகிறவரின் ஏஜென்ட் நேரம் சொல்லிவிட்டு வந்து திறந்து காட்டுவார். அந்த நேரத்தில் நாம் வீட்டில் இருக்கக் கூடாது.

காரணம் புரியாமல் இல்லை. வருகிறவர்கள் தங்கள் சோபாவை, தங்கள் பிள்ளையின் கட்டிலை அங்கே மனசில் போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்தவர் கல்யாணப் படம் சுவரில் இருந்தால் அது நடக்காது. 2006இல் இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது நானும் அப்படித்தான் பார்த்தேன். ஈசானிய மூலை எங்கே, அங்கே ஒரு தட்டு அடிக்க முடியுமா என்று மட்டும்தான் என் கண் தேடியது.

தாளிப்பு வாசனை வரக்கூடாது என்று சொன்னதும் ஒரு வகையில் நியாயம்தான். பத்து நாள் தயிர்சாதமும் ரொட்டியும் சாப்பிட்டோம். ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரர் முள்ளுக்கத்திரிக்காய்க் குழம்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். இலவம்பாடிக் கத்திரிக்காய், காம்பிலும் தொப்பியிலும் முள் குத்தும், கவனமாகப் பிடித்து நறுக்க வேண்டும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை எனக்குப் பதினெட்டுப் பேர் அனுப்பினார்கள். எங்கள் கொல்லையில் வருடா வருடம் நான்கு கத்திரிச் செடி வைப்பேன். முள் வராது, அந்த ருசியும் வராது. இருந்தாலும் வைப்பேன்.

அப்புறம் பேஸ்மென்ட். பதினெட்டு வருடச் சாமான். பனிக்காலணி, மகளின் பள்ளி நோட்டு, அரிசிச் சாக்கு, ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு சூட்கேஸும். வேண்டாததை வீட்டு முன்னால் வைத்து 'ஃப்ரீ' என்று எழுதி ஒட்டினால் மறுநாளைக்குள் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். மேசை போனது, சைக்கிள் போனது. வருத்தமே இல்லை.

கை நின்றது இரண்டே இடத்தில். ஒன்று, காலண்டர். தமிழ்க் கடையில் வருடா வருடம் கொடுக்கிற முருகன், லட்சுமி, பிள்ளையார். 2004இலிருந்து ஒன்றையும் தூக்கிப்போட மனசு வரவில்லை. ஊரில் என்றால் சட்டம் உடைந்த சாமி படத்தைக் கொண்டுபோய் அரசமரத்தடியில் சாத்தி வைத்துவிட்டு வருவோம். இங்கே எந்த மரத்தடியில் வைப்பது? நீல நிறக் குப்பைத் தொட்டியில், பால் அட்டைப்பெட்டிகளோடு லட்சுமியைப் போடச் சொன்னால் யாருக்குக் கை வரும்? கோயிலில் கேட்டேன், இங்கே விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்றார்கள். அவர்களுக்கும் எத்தனை பேர் கொண்டுவருவார்களோ. கடைசியில் தகரப் பட்டையைக் கழற்றிவிட்டுத் தாள்களை நனைத்து, கத்திரிச் செடி வைக்கும் பாத்தியை ஆழமாகத் தோண்டி மண்ணுக்குள் சேர்த்துவிட்டேன். மண்ணில் சேர்த்தால் குற்றமில்லை என்று என் பாட்டி, ஆயா சொல்லியிருக்கிறாள்.

இன்னொன்று ஆயாவின் பித்தளைச் சொம்பு. கழுத்துக்குக் கீழே அவள் பெயர், புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்தில் இருக்கும். பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து, சின்ன உளியை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டிப் பேர் வெட்டிக் கொடுப்பார்களே, அந்த எழுத்து. கட்டைவிரலை வைத்துத் தடவினால் கண்ணை மூடிக்கொண்டே படிக்கலாம். உள்ளே இன்னும் ஈயம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. வேலூர்க் கொசப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போகவே மாட்டேன் என்பேன். தரையில் குழி பறித்துக் கரி போட்டு, துருத்தியை மிதித்து, சொம்பைச் சூடேற்றுவார். நவச்சாரத்தைத் தூவினால் வெள்ளைப் புகை குபுக்கென்று கிளம்பும். ஈயக் குச்சியை உள்ளே ஒரு தொடு, துணியால் ஒரு துடை. கறுத்துக் கிடந்தது வெள்ளியாகிவிடும்.

இந்த ஒரு சொம்புதான் மிஞ்சியது. அம்மா போன பிறகு, 2017இல், கொசப்பேட்டை வீட்டைக் காலி செய்ய எனக்கும் தம்பிக்கும் இருந்தது நான்கு நாள். பழைய பாத்திரம் வாங்குகிறவர் வந்தார். அண்டா, குடம், இட்லிக் கொப்பரை எல்லாவற்றையும் எடைபோட்டார். ஆட்டோவில் இடம் போதவில்லை என்று அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, என் கண்முன்னே சம்மட்டியால் நாலு அடி அடித்து நசுக்கினார். என் கல்யாணத்துக்குச் சாம்பார் வைத்த அண்டா. தம்பி வாசலுக்குப் போய்விட்டான். வீட்டைக் காலி செய்வது என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கும்.

ஆனால் அந்த நான்கு நாளிலும் சாமி மாடத்தை யாரும் தொடவில்லை. கடைசி நாள் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, அதன் பிறகே படங்களை எடுத்தோம். வாங்கியவர்கூட, "பரவாயில்லம்மா, நிதானமா எடுத்துக்குங்க" என்று வாசலிலேயே நின்றார். இங்கே அதுதான் முதலில் போக வேண்டிய சாமான். இந்தக் குறை எனக்கு ஆறவே இல்லை.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். ஆறு பாலாறு. கோயில், கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேசுவரர் கோயில். என் சின்ன வயதில் அது நிஜமாகவே சாமி இல்லாத கோயில்தான். தொல்லியல் துறையின் பொறுப்பில் இருந்தது. கல்யாண மண்டபத் தூணில் யாளியும் குதிரையும் அப்படியே பாய்ந்துகொண்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, கற்பூரப் புகை இல்லை, வாடிய பூ இல்லை. கருவறையில் வெறும் இருட்டு. ஆயா அந்த இருட்டுக்கு முன்னால் நின்று கும்பிடுவாள்.

"சாமியே இல்லையே, எதுக்கு ஆயா கும்பிடற?"

"அவரு சத்துவாச்சாரியில கீறாருடி. எடம் இதுதான்."

லிங்கத்தை ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற சத்துவாச்சாரியில்தான் வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். 1981 மார்ச்சில் அது கோட்டைக் கோயிலுக்கே திரும்பி வந்து பிரதிஷ்டை ஆனது. எனக்குப் பன்னிரண்டு வயது. லாங்கு பஜார் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நைனா, ஒரு சாயங்காலம் சீக்கிரமே கிளம்பி வந்து, சைக்கிள் முன்கம்பியில் தம்பியையும் பின்னால் என்னையும் ஏற்றிக்கொண்டு அகழி ஓரமாக மிதித்தார். கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. நைனா தூக்கிப் பிடித்தார். ஆயா கும்பிட்ட அதே இருட்டில் ஒரு சுடர் அசைந்தது. சுத்தமாக இருந்த கோயிலையும் நான் பார்த்திருக்கிறேன், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கோயிலையும் பார்த்திருக்கிறேன். எது வெளிச்சம் என்று எனக்குத் தெரியும்.

சரி, எடுத்தேன். விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, முருகனையும் பிள்ளையாரையும் குத்துவிளக்கு ஜோடியையும் சொம்பையும் குக்கர் வந்த அட்டைப்பெட்டியில் புதுத்துணி விரித்து வைத்தேன். தட்டு இருந்த சுவரில் எண்ணெய்ப்புகைத் தடம். அதற்கும் பெயின்ட் அடித்தார்கள். அந்தப் பத்து நாளில் பதினான்கு பேர் வீடு பார்க்க வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நாங்கள் இரண்டு பேரும் காரில் ஏறி டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடை பார்க்கிங்கில் போய் நிற்போம். பெட்டியை டிக்கியில் வைக்க மனசு ஒப்பவில்லை. மடியிலேயே வைத்துக்கொள்வேன். மே மாதம் இங்கே எட்டரை மணிக்குத்தான் பொழுது சாயும். கண்ணாடிக்கு வெளியே வானம் சிவக்கும்போது விளக்கு வைக்கிற நேரம் என்று கை பரபரக்கும். பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எடம் இதுதான் என்று சொல்ல அப்போது எனக்கு ஓர் இடமும் இல்லை.

விலை படிந்தது. வாங்குகிறவர்கள் ஜூலை கடைசியில் சாவி வேண்டும் என்றார்கள். ஆடியில் எப்படி வீடு மாறுவது? ஏஜென்ட்டிடம் சொல்லக்கூடத் தேவைப்படவில்லை, "ஆடிக்கு முன்னம் முடிப்பம் அக்கா" என்று அவரே பேசி ஜூலை 10க்குக் கொண்டுவந்தார். 1806இல் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்த தேதி அது. வேலூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்கிற தேதி.

கையெழுத்துப் போட்ட அன்று, மடியில் இருந்த பெட்டியைப் பார்த்து அதில் என்ன என்று ஏஜென்ட் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "95இல யாழ்ப்பாணம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டது அக்கா. சாமியறை விளக்கை அணைக்காமல் வந்திட்டன் எண்டு அம்மா இண்டைக்கும் சொல்லுவா." எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எந்த இடத்தில் போனது என்று தெரியவில்லை.

கான்டோவுக்குள் முதலில் போனது ஆயாவின் சொம்புதான், நிறையத் தண்ணீரோடு. லிஃப்டில் பன்னிரண்டு மாடி, ஒரு சொட்டு சிந்தவில்லை. உப்பும் மஞ்சளும் வைத்து, பால் காய்ச்சினேன். கண்ணாடி அடுப்பில் பால் பொங்க ரொம்ப நேரம் ஆனது. எந்தப் பக்கம் பொங்குகிறது என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். கிழக்கே பொங்கியது. இனிமேல் இதுதான் எங்கள் வீடு என்று மகளுக்கு ஃபோனில் சொன்னேன். சொல்லும்போதே, கொசப்பேட்டை வீட்டில் சாயங்கால வெயில் விழுகிற திண்ணை கண்ணில் வந்து நின்றது.

அடுத்த வாரம் ஏஜென்ட் ஒரு பூந்தொட்டியோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பால்கனியைப் பார்க்கவில்லை, சமையலறையைப் பார்க்கவில்லை.

"சாமி எங்க அக்கா?"

காட்டினேன். விளக்கு தணிந்து எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த ஊதுபத்திக் குச்சியை எடுத்துத் திரியைத் தூண்டிவிட்டார்.